குதிரைக்குக் காயம்: கேள்வி பதில்

கேள்வி: கம்பிவேலியில் மாட்டி நெஞ்சுத் தோல் ஒரு சாண் அளவுக்குக் கிழிந்து தொங்குகிறது. டாக்டர் வருவதற்குள் என்ன செய்யலாம்?

பதில்: பார்க்கத்தான் பயங்கரம். நெஞ்சுக் காயம் பெரும்பாலும் நன்றாக ஆறும். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தமும் பிய்ந்துவரும். பிறகு கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு கரைத்து, 50 மி.லி. சிரிஞ்சில் 18 கேஜ் ஊசி மாட்டிப் பீய்ச்சிக் கழுவுங்கள். தொங்கும் தோலை வெட்டாதீர்கள், தைக்கும்போது அதுதான் மூடி. பொடி, களிம்பு எதுவும் வேண்டாம். தைக்கிறவருக்கு அதைச் சுரண்டி எடுப்பதே பாதி வேலையாகிவிடும். கிழிசல் முன்னங்கால் இடுக்கு வரை போயிருந்தால் குதிரையை நடத்தாதீர்கள். ஒவ்வொரு அடிக்கும் காயம் காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்று தோலுக்கடியில் பரவி, தொட்டால் நறநறக்கும்.

கேள்வி: பொவிடோன் அயோடினை அப்படியே ஊற்றலாமா அண்ணே?

பதில்: கூடாது. 10 சதவீத பாட்டில் என்றால் ஒரு லிட்டருக்கு 10 மி.லி. போதும், வெளிறிய தேநீர் நிறம் வரும். அதைவிடக் கெட்டியானால் கிருமியோடு புதுச் சதையும் சாகும். ‘ஸ்க்ரப்’ என்று எழுதிய பாட்டிலில் சோப்பு இருக்கிறது, அது காயத்துக்குள் போகக் கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துப் பொங்குவது திருப்தியாக இருக்கும், சதைக்கு நல்லதல்ல.

கேள்வி: கணு மூட்டுக்குப் பக்கத்தில் பட்டாணி அளவு ஓட்டை. ரத்தம்கூட இல்லை. நேற்று நன்றாக நடந்தது, இன்று காலை ஊன்றவே மாட்டேன் என்கிறது. இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: இன்று வந்த கேள்விகளில் இதுதான் ஆபத்தானது. பொறுக்க வேண்டாம், இப்போதே டாக்டரைக் கூப்பிடுங்கள். ஓட்டையில் கசிவதை இரு விரலுக்கு நடுவே வைத்து, விரல்களை மெல்ல விலக்குங்கள். மஞ்சளாக, நூல்போல நீண்டால் அது மூட்டு நீர். கசியாவிட்டாலும் நிம்மதி வேண்டாம். ஓட்டை திறந்திருக்கும்வரை நீர் வடிவதால் வலி குறைவு. அடைபட்டதும் உள்ளே அழுத்தம் ஏறும், நொண்டல் திடீரென்று கூடும். உங்கள் குதிரைக்கு நடந்திருப்பது அதுவாக இருக்கலாம். மூட்டை மயக்கம் கொடுத்துக் கழுவ வேண்டிவரும்; முதல் 24 மணி நேரம் தாண்டத் தாண்ட குணமாகும் வாய்ப்பு குறையும். குச்சி விட்டு ஆழம் பார்க்காதீர்கள்.

கேள்வி: குளம்படியில் ஆணி. பிடுங்கிவிடவா?

பதில்: டாக்டர் சீக்கிரம் வருவார் என்றால் விட்டுவிடுங்கள். எக்ஸ்ரேயில் ஆணி எதைத் தொட்டது என்று தெரியும். மேலும் உள்ளே ஏறாதபடி ஆணியின் இருபுறமும் மரக்கட்டை வைத்துக் கட்டுங்கள். பிடுங்கியே ஆகவேண்டுமானால் இடத்தைக் குறித்து, எவ்வளவு ஆழம், எந்தச் சாய்வு என்று போட்டோ எடுங்கள். குளம்பு மூடிக்கொண்டால் துளையே தெரியாது. நடுவில் முக்கோண மெத்தைபோல் இருக்கும் பகுதியில் குத்தியதுதான் மோசம்.

கேள்வி: முழங்காலுக்குக் கீழே ஆறாத புண். சிவப்புச் சதை தோலுக்கு மேலே முட்டிக்கொண்டு வளர்கிறது. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொல்கிறார்கள்.

பதில்: துத்தம் அந்தச் சதையை எரிக்கும், கூடவே ஓரத்திலிருந்து ஊர்ந்து வரும் புதுத் தோலையும் எரிக்கும். அந்தத் தோலை வெளிர் இளஞ்சிவப்பு விளிம்பாகப் பார்க்கலாம். காலில் அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான் நகரும், மேடேறிய சதையைத் தாண்டி ஏறாது. அதனால் டாக்டர் கத்தியால் தோல் மட்டத்துக்குச் சீவ வேண்டும். அந்தச் சதையில் நரம்பில்லை, வலிக்காது. ரத்தம் மட்டும் கொட்டும், உடனே இறுக்கிக் கட்ட வேண்டும். சீவியும் திரும்பத் திரும்ப வளர்ந்து சீழ் வடிந்தால் உள்ளே எலும்புத் துண்டு செத்துக் கிடக்கலாம், எக்ஸ்ரே எடுங்கள்.

கேள்வி: சின்னச் சிராய்ப்புக்கும் டெட்டனஸ் ஊசி வேண்டுமா?

பதில்: தடுப்பூசி போட்டு ஆறு மாதம் தாண்டியிருந்தால் ஒரு பூஸ்டர். போட்டதே இல்லை என்றால் ஆன்டிடாக்சினும் (டெட்டனஸ் நஞ்சை முறிக்கும் ஊசி) தடுப்பூசியும் ஒரே நாளில், உடம்பின் வெவ்வேறு இடங்களில்.