‘பிரிஸனர்ஸ்’ படத்தின் முடிவில் கெல்லர் காப்பாற்றப்பட்டாரா?

ஆமாம், காப்பாற்றப்படுகிறார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். (படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.) 2013இல் டெனி வில்னவ் இயக்கிய இந்தப் படத்தில், காணாமல் போன மகளைத் தேடி வெறிபிடித்து அலையும் கெல்லர், கடைசியில் கடத்தியவளின் வீட்டு முற்றத்தில், பழைய கார் ஒன்றுக்கு அடியிலுள்ள குழியில் கிடக்கிறார். அங்கே அவருக்குக் கிடைப்பது மகளின் விசில்.

மண் உறைந்து இறுகிக் கிடப்பதால் முற்றத்தைத் தோண்டும் போலீஸ் குழுவினர் கிளம்பிவிடுகிறார்கள். துப்பறியும் லோக்கி மட்டும் இருட்டில் நிற்கிறார். மெல்லிய விசில் சத்தம். பிரமை என்று விட்டுவிடுகிறார். மறுபடி கேட்கிறது. தலை திரும்புகிறது, திரை இருண்டுவிடுகிறது. அந்தத் திரும்பல்தான் பதில்.

சரி, அப்புறம்? மகளைக் கடத்தியவன் என்று சந்தேகப்பட்டு அலெக்ஸ் என்ற இளைஞனை அடைத்துவைத்துச் சித்திரவதை செய்ததற்குக் கெல்லருக்குச் சிறைதான். அந்த அலெக்ஸும் சிறுவயதில் கடத்தப்பட்டவன் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.