“சுண்டுவிரல் கொஞ்சம் மரத்திருக்கும், அது பழகிப்போச்சு டாக்டர்”

கேள்வி: எனக்கு வயது 22. மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த பழைய ‘கிட்டார் ஹீரோ’ வீடியோ கேம் மூன்றாம் பாகத்தில் (திரையில் இறங்கிவரும் கலர் வட்டங்களுக்கு ஏற்றபடி பிளாஸ்டிக் கிட்டாரின் ஐந்து கலர் பட்டன்களை அழுத்த வேண்டும்), டிராகன்ஃபோர்ஸ் குழுவின் ‘த்ரூ த ஃபயர் அண்ட் ஃப்ளேம்ஸ்’ பாட்டை எக்ஸ்பர்ட் என்ற மிகக் கடினமான நிலையில் முடிக்க எட்டு மாதமாக முயல்கிறேன். தினமும் இரவு மூன்று மணி நேரம், கூடவே இரண்டு எனர்ஜி டிரிங்க். ஆடி நிறுத்தினால் சுவர் மேலே நகர்வதுபோல் தெரிகிறது. கண்ணை மூடினால் கலர் கலராக வட்டங்கள் விழுகின்றன. நெஞ்சு படபடக்கிறது. கண் இமையிலும் கட்டைவிரல் அடியிலும் சதை துடிக்கிறது. மணிக்கட்டு வலிக்கிறது. இடது சுண்டுவிரல் கொஞ்சம் மரத்திருக்கும், அது பழகிப்போச்சு. ஆரஞ்சு பட்டன்தான் இப்போது அடிக்கடி தவறுகிறது. சதை துடித்தால் மோட்டார் நியூரான் நோய் (சதையை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் நோய்) என்று இணையத்தில் இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் நரம்பு மாத்திரையும் வலி மாத்திரையும் வாங்கிச் சாப்பிடுகிறேன், மணிக்கட்டுக்குப் பட்டை போட்டிருக்கிறேன். அடுத்த மாதம் ஐ.டி. வேலையில் சேர வேண்டும். என் கை போய்விடுமா? கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கட்டுமா?
— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் மோட்டார் நியூரான் நோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை. சரியாகத் தூங்காமல் இரண்டு எனர்ஜி டிரிங்க் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் விரலை விரட்டினால் யாருக்கும் இமை துடிக்கும், கட்டைவிரல் சதை துடிக்கும். அந்த நோயில் கை கால் பலம் குறைந்துகொண்டே போவதுதான் முக்கியம், துடிப்பு அதோடு சேர்ந்து வருவது. மரத்துப்போவது அந்த நோயின் குணமே அல்ல. பெரும்பாலும் நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு வருவது அது. இரவு இரண்டு மணிக்கு ‘சதை துடிப்பு’ என்று தேடினால் இணையம் உங்களை ஜலதோஷத்தில் விடாது, நேராகச் சுடுகாட்டுக்குத்தான் கூட்டிப்போகும். தேடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

சுவர் நகர்வதும் நோயில்லை. ஒரே திசையில் ஓடுவதைக் கண் நெடுநேரம் பார்த்தால், நின்ற பிறகு அசையாத பொருள் எதிர்த்திசையில் நகர்வதுபோலத் தோன்றும். 1834-இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தில் ஃபாயர்ஸ் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்தார், பாறை மேலே ஏறியது. அருவி மாயை என்றே அதற்குப் பெயர். உங்கள் திரையில் வட்டங்கள் கீழே இறங்குகின்றன, அதனால் சுவர் மேலே போகிறது. கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். கண்ணை மூடினால் வட்டம் தெரிவதும், நாள் முழுக்கச் செய்த வேலை தூக்கத்தில் வருவதும் ஒரே ரகம். படபடப்புக்கு அந்த டின்களைக் குப்பையில் போடுங்கள். ஆடாதபோதும் நெஞ்சு படபடத்தாலோ மயக்கம் வந்தாலோ மட்டும் ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கலாம். மணிக்கட்டு வலி ஓய்வு கொடுத்தால் போகும்.

இனி, நீங்கள் ‘பழகிப்போச்சு’ என்று அரைவரியில் தள்ளிவிட்ட அந்தச் சுண்டுவிரலுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அது ஒன்றுதான். மரத்துப்போவது பழகக்கூடிய விஷயமல்ல, தம்பி.

முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் ஷாக் அடித்த மாதிரி சுண்டுவிரல்வரை சுர்ரென்று ஓடுமே, அது எலும்பில் பட்ட வலியில்லை. அங்கே அல்நார் என்ற நரம்பு, தோலுக்கு அடியிலேயே ஒரு குறுகலான பள்ளத்தின் வழியாகப் போகிறது. முழங்கையை மடக்கினால் அந்த நரம்பு இழுபடும், அது போகும் வழியும் நெருக்கமாகும். ஐந்து நிமிடம் மடக்கினால் ஒன்றும் ஆகாது. மூன்று மணி நேரம், தினமும், எட்டு மாதம் என்றால் நரம்பு முனகத்தான் செய்யும். விளையாட்டுக் கிட்டார் நிஜக் கிட்டாரைவிடச் சின்னது. கழுத்து குட்டையாக இருப்பதால் இடது கை உடம்புக்குப் பக்கத்திலேயே இருக்கும், முழங்கை நன்றாக மடங்கியிருக்கும். அதிலும் தரையில் சம்மணம் போட்டு, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு ஆடுகிறீர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். ஆடி முடித்ததும் படுத்துக்கொண்டு, கையை மடக்கிப் போனைப் பிடித்து நோய்களைப் பற்றித் தேடுகிறீர்கள் அல்லவா, அதுவும் அதே நரம்பைத்தான் இழுக்கிறது.

வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கக்கூடியவை சில இருக்கின்றன. மோதிர விரலின் இரண்டு ஓரங்களையும் ஒரு தீக்குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கத்து ஓரம் மந்தமாகவும், நடுவிரல் பக்கத்து ஓரம் சரியாகவும் இருந்தால் குற்றவாளி அல்நார் நரம்புதான். ஒரே விரலின் இரண்டு பாதிகளுக்கு இரண்டு நரம்புகள். நீங்கள் பட்டை போட்டிருப்பது மணிக்கட்டில் நடுநரம்பு என்ற வேறொரு நரம்பு நெரிபடும் பிரச்சினைக்கு. அதில் மரத்துப்போவது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் பக்கம். சுண்டுவிரல் அதன் எல்லையிலேயே இல்லை. பூட்டு ஒரு கதவில், நீங்கள் சாவி போடுவது பக்கத்து வீட்டுக் கதவில்.

அடுத்து ஒரு துண்டுக் காகிதம். இரண்டு கைகளிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே அதை இறுக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் இழுங்கள். நல்ல கையில் கட்டைவிரல் நேராக இருக்கும். பலம் குறைந்த கையில், காகிதத்தை விடாமல் இருக்கக் கட்டைவிரலின் நுனிக்கணு தானாக மடங்கும். பிறகு இரண்டு புறங்கைகளையும் பக்கத்தில் வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதைமேட்டைப் பாருங்கள். இடது கையில் அது வற்றிக் குழி விழுந்திருக்கிறதா? கையைப் பாக்கெட்டுக்குள் விடும்போது சுண்டுவிரல் மட்டும் வெளியே நின்று தடுக்கிறதா?

ஆரஞ்சு பட்டன் தவறுவதைப் பயிற்சிக் குறை என்று எண்ணிக்கொண்டு இன்னும் கூடுதலாக ஆடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் சரியாக விழுந்து, சுண்டுவிரலுக்கு வரும் கடைசிப் பட்டன் மட்டும், அதுவும் முன்பு விழுந்துகொண்டிருந்தது இப்போது தவறுகிறது என்றால், அது திறமைக் குறைவாக இல்லாமல் பலக் குறைவாக இருக்கலாம்.

காகிதச் சோதனையில் கணு மடங்கினாலோ, சதை வற்றியிருந்தாலோ, ஆடாத நேரத்திலும் நாள் முழுக்க மரத்தே இருந்தாலோ இந்த வாரமே நரம்பியல் மருத்துவரையோ கை அறுவை நிபுணரையோ பாருங்கள். வேலையில் சேர்ந்து, இன்ஷூரன்ஸ் கார்டு வந்தபிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். வெறுமனே அழுந்திய நரம்பு சில வாரங்களில் தெளிந்துவிடும். உள்ளிழை அறுபட்டால் அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையிலிருந்து உள்ளங்கைச் சதைக்கு ஒரு அடி தூரம். கணக்குப் போட்டால் பத்து மாதம். அதுவரை வேலையில்லாமல் கிடக்கும் சதை சுருங்கிக்கொண்டே போகும், ஓரளவுக்கு மேல் சுருங்கியது பழையபடி திரும்பாது.

இன்னொன்று, விளையாட்டுக்காரர்களுக்கான எந்த யூடியூப் வீடியோவிலும் வராதது. நம்மூரில் சுண்டுவிரல் மரத்துவிட்டது என்று ஒருவர் வந்தால், விவரமான மருத்துவர் முழங்கைக்குப் பின்னால் அந்த நரம்பைத் தடவிப் பார்ப்பார், சட்டையைக் கழற்றச் சொல்லி உடம்பில் உணர்ச்சியில்லாத வெளிர் தேமல் இருக்கிறதா என்றும் பார்ப்பார். தொழுநோய்க் கிருமிக்கு மிகப் பிடித்த நரம்புகளில் இது ஒன்று, நரம்பு கயிறு மாதிரி தடித்திருக்கும். உங்களுக்கு அது இருக்கிறது என்று சொல்லவில்லை, இருக்க வாய்ப்பும் குறைவு. ஆனால் ‘கேம் ஆடியதால் வந்தது’ என்று நீங்களே முடிவுகட்டிக்கொண்டால் யாரும் தேட மாட்டார்கள். இருந்தாலும் பயமில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாக மருந்து தருகிறார்கள், முழுமையாகக் குணமாகும். கையோடு சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கழுத்து எம்.ஆர்.ஐ. இப்போது வேண்டாம். ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கு எடுத்தாலும் அதில் ‘டிஸ்க் லேசாகப் புடைத்திருக்கிறது’ என்று ஒரு வரி வருவது சகஜம். அதைப் படித்துவிட்டு எனக்கு அடுத்த கடிதம் போடுவீர்கள். மருத்துவர் தேவையென்று நினைத்தால் நரம்புக் கடத்தல் சோதனை எழுதித் தருவார். சின்னச் சின்ன ஷாக் கொடுத்து நரம்பில் மின்னோட்டம் எந்த வேகத்தில் போகிறது என்று அளப்பது. முழங்கையைத் தாண்டும் இடத்தில் மட்டும் வேகம் குறைந்தால் விடை கிடைத்துவிட்டது.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். மெடிக்கல் ஷாப்பில் ‘நரம்புக்கு நல்லதா ஒண்ணு குடுங்க’ என்று கேட்டு வாங்குவதை எப்போதுதான் நிறுத்தப் போகிறோமோ தெரியவில்லை! அந்த நரம்பு மாத்திரைகள் பலவற்றில் பி6 வைட்டமின் இருக்கிறது. பி6-ஐ அதிக அளவில் மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுத்து மரத்துப்போகச் செய்யும். மரத்துப்போனதற்கு மாத்திரை, மாத்திரையால் மரத்துப்போதல்! சிலவற்றில் பிரிகாபலின் சேர்ந்திருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து அது, தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் வரும். அட்டையில் அந்தப் பெயர் இருந்து, தினமும் சாப்பிட்டு வந்திருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். வலி மாத்திரையை ஆடுவதற்கு முன்பே போட்டுக்கொள்கிறீர்களோ என்றும் எனக்குச் சந்தேகம். வயிறும் சிறுநீரகமும் ஒருபக்கம் இருக்கட்டும், நிறுத்து என்று கை சொல்வதே உங்களுக்குக் கேட்காமல் போகிறது.

சரி, விளையாட்டை விட வேண்டுமா? காகிதச் சோதனையில் பலக் குறைவு தெரிந்தால் மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை தொடாதீர்கள். பலம் சரியாக இருந்து, ஆடும்போது மட்டும் மரத்துப்போகிறது என்றால் இரண்டு வாரம் முழு ஓய்வு, பிறகு வேறு விதமாக ஆடுங்கள். எங்கள் வீட்டிலும் ஒருவன் இருக்கிறான், அதனால் இந்தப் பாட்டின் சத்தம் எனக்கும் பரிச்சயம். எக்ஸ்பர்ட் நிலையில் 3722 வட்டங்கள், ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. சராசரியாகவே வினாடிக்கு எட்டு வருகிறது. நிறையப் பேர் தொடக்கத்திலேயே விழுந்து, திரும்பத் திரும்ப அதையே முழு வேகத்தில் முட்டுகிறார்கள். முட்ட முட்ட விரல் இறுகும், மடக்கும் சதையும் நீட்டும் சதையும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், வேகம் இன்னும் குறையும். அந்த விளையாட்டிலேயே வேகத்தைக் குறைத்துப் பகுதி பகுதியாகப் பழகும் பயிற்சிப் பிரிவு இருக்கிறது. அதில் ஆடுங்கள். தொடக்கத்தில் இடது கை பச்சையைப் பிடித்திருக்க, மற்றப் பட்டன்களை வலது கையால் தட்டுவது ஏமாற்று வேலை இல்லை, தேர்ந்தவர்களே செய்வதுதான். அது உங்கள் சுண்டுவிரலுக்கும் நல்லது.

விரல் பழக்கம் மூளையில் ஊறுவது தூக்கத்தில். மாலையில் தடுமாறிய விரல்வரிசை ஒரு இரவு நன்றாகத் தூங்கி எழுந்தபின் சரளமாக வருவதை ஆய்வுகளிலேயே பார்த்திருக்கிறார்கள். ஆகவே மூன்று மணி நேரம் தூக்கத்தைத் தின்று ஆடுவதைவிட, இருபது இருபது நிமிடமாக இரண்டு தடவை ஆடிவிட்டு நேரத்தோடு படுப்பது அந்தப் பாட்டுக்கே லாபம். நின்று ஆடுங்கள், கிட்டாரைத் தோளில் மாட்டும் வாரை நீளமாக்கி அதைக் கீழே இறக்குங்கள், முழங்கை விரியட்டும். விரல் மரக்க ஆரம்பித்த நொடியில் பாட்டு எத்தனை சதவீதத்தில் இருந்தாலும் நிறுத்துங்கள். தொண்ணூறு தாண்டியிருந்தாலும்தான். இரவில் ஒரு துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டு படுத்தால் தூக்கத்தில் கை முழுவதும் மடங்காது. மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றிவிடலாம். வேலையில் சேர்ந்தபிறகு மேசை விளிம்பிலும் நாற்காலிக் கையிலும் முழங்கையை ஊன்றாதீர்கள். டைப் அடிப்பதால் இந்தக் கை போய்விடாது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பிளாஸ்டிக் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு போங்கள். வெளியே காத்திருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். இரவில் எப்படி உட்கார்ந்து பிடிப்பீர்களோ அப்படியே அவர் முன்னால் பிடித்துக் காட்டுங்கள். முழங்கை எவ்வளவு மடங்குகிறது, எதன்மேல் அழுந்துகிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் கொண்டுபோங்கள், காலி அட்டையானாலும் சரி. ‘மஞ்சள் கலர் மாத்திரை’ என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது.