சோடா குடித்தால் போகிற 'கேஸ்'

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. இரண்டு வாரமாக ஏற்றத்தில் நடந்தால் நடு நெஞ்சு இறுகுகிறது. “வாயு கேறிட்டு மக்ளே, ஒரு சோடா குடிச்சா சரியாவும்” என்கிறார். சரியாகியும் விடுகிறது. கேஸுக்கு நல்ல மாத்திரை எது?

பதில்: மாத்திரை இருக்கட்டும். அந்தச் சோடாவை அப்பா எப்படிக் குடிக்கிறார்? அநேகமாக நடையை நிறுத்தி, கடை பெஞ்சில் உட்கார்ந்துதான். ஐந்து நிமிடம் உட்கார்ந்ததில் வலி போகிறது, பெயர் சோடாவுக்கு. கூடவே ஒரு ஏப்பமும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

'கேஸ்' என்ற சொல்லை உருவாக்கியதே ஒரு மருத்துவர்தான்: 17-ம் நூற்றாண்டில், பிரஸ்ஸல்ஸில் பிறந்த வான் ஹெல்மான்ட். காற்றைப் போன்ற பொருளுக்கு அவர் வைத்த பெயர் அது. நம் ஊரில் தோளில் பிடித்தாலும் கேஸ், முதுகில் குத்தினாலும் கேஸ், தலை சுற்றினாலும் கேஸ் தலைக்குக் கேறிட்டு. வயிற்றுக் காற்று குடலை விட்டுத் தோளுக்குப் போக வழியே இல்லை. என்னிடம் வருகிறவர்களிடம், “கேஸ்னு சொல்லாம, என்ன செய்யுதுன்னு மட்டும் சொல்லுங்க” என்பேன். சிலர் திகைத்து நிற்பார்கள். அப்புறம் கையை விரித்து நெஞ்சில் வைத்து அழுத்திக் காட்டுவார்கள். அந்தக் கை எனக்குப் போதும்.

சாப்பிட்டதும், படுத்ததும் புளிப்போடு எரிந்தால் பெரும்பாலும் இரைப்பை அமிலம். ஏறினால் இறுகி, நின்றால் விடுகிறது என்றால் இதயத்துக்கு ரத்தம் போதவில்லையோ என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். இதய வலி மேல்வயிற்றிலும் தெரியலாம். சர்க்கரை நோய் இருந்தால் வலியே சரியாகத் தெரியாமலும் போகலாம்.

இரண்டு வாரமாகப் புதிதாக வந்த வலி என்பதால் தள்ளிப்போட வேண்டாம். பால்வெட்டை நிறுத்திவிட்டு இன்றே இதய மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். வலி இல்லாத நேரத்தில் எடுத்த இசிஜி சரியாக இருந்தாலும், அதை மட்டும் நம்பித் திரும்பிவிடாதீர்கள். உட்கார்ந்தும் வலி விடாவிட்டால், அல்லது வியர்வை, மூச்சுத்திணறல், இடது கையிலோ தாடையிலோ வலி என்று சேர்ந்தால், சோடா தேட வேண்டாம், உடனே 108.

அப்புறம், டாக்டர் முன்னால் அப்பா “கேஸ்” என்றுதான் ஆரம்பிப்பார். எனக்கு எழுதிய அந்த ஏற்றத்துக் கதையை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.