கத்தரி வைக்கும் முன்னால்: குவில்ட் கேள்வி பதில்

புதிதாக வரும் பிரிண்ட் துணித் தொகுப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் ஈரோட்டுக்காரி. துணிக்கடை வீட்டில் வளர்ந்தவள். இப்போது அமெரிக்காவில் ஹூஸ்டன் பக்கம் குடியிருந்துகொண்டு குவில்ட், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை, தைக்கிறேன், சொல்லியும் தருகிறேன்.

ஒரே கலெக்‌ஷனில் வந்த துணிகளை வைத்து நட்சத்திர டிசைனில் குவில்ட் தைத்தேன். ஒவ்வொரு துணியும் கொள்ளை அழகு. முடித்துப் பார்த்தால் நட்சத்திரமே தெரியவில்லை. என்ன தப்பு செய்தேன்?
– டாலஸ் வாசகி

உங்கள் தையலில் தப்பே இல்லை. இதே போல ஒரு குவில்ட் என்னிடமும் இருக்கிறது. தங்கை மகளுக்காக ஒன்பது நட்சத்திரம் தைத்தேன். மடியில் வைத்துத் தைக்கும்போது ஒவ்வொரு பூவும் கண்ணில் நின்றது. மாடிப்படிக் கைப்பிடியில் விரித்துப் போட்டுவிட்டு வாசலில் நின்று பார்த்தேன். ரோஜா நிறத்தில் ஏதோ ஒரு போர்வை தொங்குகிறது, அவ்வளவுதான். நட்சத்திரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து நான்கு நட்சத்திரங்களைப் பிரித்தேன்.

தொகுப்பை வடிவமைப்பவர்கள் ஏழெட்டு நிறங்களைத் தேர்ந்துகொண்டு, எந்தத் துணியை எதன் பக்கத்தில் வைத்தாலும் உறுத்தாதபடி செய்வார்கள். அதனால் பெரும்பாலான துணிகள் வெளிரும் இல்லாமல் அடர்த்தியும் இல்லாமல் நடுவில் நிற்கும். நட்சத்திரம் கண்ணில் படவேண்டுமானால் முனைக்கும் பின்புலத்துக்கும் இடையே வெளிச்சமும் நிழலும் போல வித்தியாசம் வேண்டும். பச்சைக்குப் பக்கத்தில் ரோஜா வைத்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். இரண்டும் ஒரே அளவு அடர்த்தியாக இருந்தால் தூரத்திலிருந்து ஒன்றோடொன்று கரைந்துவிடும்.

வெட்டும் முன் எல்லாத் துணியையும் தரையில் பரப்பி, செல்போனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பிறகு துணிகளை வெளிர், நடு, அடர் என மூன்று குவியலாகப் பிரியுங்கள். நடுக் குவியல்தான் மலை மாதிரி இருக்கும். அதனால்தான் தொகுப்புக்கு வெளியிலிருந்தும் துணி வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வெள்ளையோ சந்தனமோ ஒரு பிளெயின், அப்புறம் ஆழ்ந்த நீலம் போல ஓர் அடர் நிறம். நான் பிரித்த நான்கு நட்சத்திரங்களுக்கும் சந்தன நிற பிளெயினைப் பின்புலமாக வைத்தேன். பூத்துணியை மாற்றவே இல்லை. இப்போது தெருவிலிருந்து பார்த்தாலும் அந்த நான்கும் தெரியும்.

இன்னொன்று, பூவின் அளவு. ஆறு இஞ்ச் அகல மலரை இரண்டரை இஞ்ச் சதுரமாக வெட்டினால் கைக்கு வருவது மலரில்லை, ஒரு துண்டு இதழும் கொஞ்சம் பச்சையும்தான். ஒரு வெள்ளைக் காகிதத்தின் நடுவே, தைத்த பிறகு சதுரம் எவ்வளவு இருக்குமோ அந்த அளவுக்கு ஓட்டை வெட்டுங்கள். அதைத் துணிமேல் மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஓட்டை வழியே தெரிவதுதான் குவில்ட்டில் வரப்போவது. பெரிய பூவை எட்டு, பத்து இஞ்ச் கட்டங்களுக்கும் பார்டருக்கும் வைத்துக்கொண்டு, பொடிப் புள்ளியையும் பொடிப் பூவையும் சின்னத் துண்டுகளுக்குப் பயன்படுத்துங்கள்.

ஃபேட் குவார்ட்டர், ஜெல்லி ரோல், சார்ம் பேக் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு ஒரு சின்ன குவில்ட் தைக்க எவ்வளவு வாங்க வேண்டும்? எங்கள் ஊரில் மீட்டர் கணக்குதான்.
– கோவை வாசகி

குவில்ட் துணி 44 இஞ்ச் பன்னா, அதாவது அகலம். இரண்டு பக்கக் கரையும் போக 42 இஞ்ச் தேறும். அமெரிக்காவில் கெஜக் கணக்கு, ஒரு கெஜம் 36 இஞ்ச். கால் கெஜத்தை ஒடுக்கமான நீளத் துண்டாக வெட்டாமல், அரை கெஜத்தைக் குறுக்கே பாதியாக்கி 18க்கு 21 இஞ்ச் துண்டாகத் தருவதுதான் ஃபேட் குவார்ட்டர். அதில் 5 இஞ்ச் சதுரம் 12 வெட்டலாம். கடைக்காரரே வெட்டிக் கட்டித் தருபவையும் உண்டு. 5 இஞ்ச் சதுரமானால் சார்ம் பேக், 10 இஞ்ச் சதுரமானால் லேயர் கேக், இரண்டரை இஞ்ச் அகலப் பட்டைகளைச் சுருட்டிவைத்தால் ஜெல்லி ரோல். கடைசிப் பெயர் டாலஸ் நகரத்து மோடா கம்பெனிக்குச் சொந்தம். மற்றவர்கள் வேறு பெயர் வைத்து விற்கிறார்கள்.

சரி, குழந்தைக் கணக்கு. ஒவ்வொரு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குப் போனால் 5 இஞ்ச் சதுரம் நாலரை இஞ்சாகும். அகலத்தில் 8, நீளத்தில் 10 வைத்தால் 36க்கு 45 இஞ்ச். மொத்தம் 80 சதுரம். 42 சதுரம் உள்ள சார்ம் பேக் இரண்டு வாங்கினால் நான்கு மிஞ்சும். மீட்டரில் வாங்குவதாக இருந்தால் எட்டு பிரிண்டில் முப்பது முப்பது சென்டிமீட்டர் போதும். ஒவ்வொன்றிலும் 10 சதுரம் வெட்டிய பிறகும் மிச்சம் இருக்கும். அடித்துணிக்கு ஒன்றரை மீட்டர். ஓரம் கட்ட இரண்டரை இஞ்ச் பட்டை ஐந்து வேண்டும், அதற்கு 40 சென்டிமீட்டர்.

கால் இஞ்ச் என்பது கால் இஞ்சாகவே இருக்க வேண்டும். ஒரு தையலில் நூலளவு கூடினாலும் பத்துச் சதுரம் சேரும்போது வரிசைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. மூன்று சதுரத்தைச் சேர்த்துத் தைத்து நடுச் சதுரத்தை அளந்து பாருங்கள். சரியாக நாலரை வந்தால் மேலே தையுங்கள்.

டெக்ஸ்டைல் டிசைன் படிக்கிறேன். குவில்ட் துணிக்கு ஒரு தொகுப்பு நானே வரைய ஆசை. எதிலிருந்து தொடங்குவது?
– திருப்பூர் மாணவர்

தம்பி, உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஒரு பூ வரைந்து எட்டு நிறத்தில் அச்சடித்தால் அது தொகுப்பு ஆகாது. தைக்கிறவள் அதை வெட்டுவாள், பக்கத்தில் இன்னொன்றை வைப்பாள். அந்தக் கையை மனதில் வைத்து வரையுங்கள். முதலில் ஒரு தலைமைத் துணி வேண்டும், பெரிய உருவம், எல்லா நிறமும் அதில் இருக்கும். அதிலிருந்து ஓர் இலையையோ மொட்டையோ எடுத்து நடுத்தர அளவில் மூன்று நான்கு. அப்புறம் தூரத்திலிருந்து பிளெயின் போலத் தெரியும் பொடி டிசைன்கள். அப்புறம் ஒரு கோடு, ஒரு புள்ளி, ஒரு கட்டம். கோட்டை மறந்துவிடாதீர்கள். ஓரம் கட்டக் கோட்டுத் துணியைத் தேடி நான் எத்தனையோ கடை ஏறி இறங்கியிருக்கிறேன். இவற்றை இரண்டு மூன்று நிறக் கூட்டணியில் போட்டால் இருபது முப்பது துணி ஆகிவிடும். வெளிரும் அடரும் அதில் கட்டாயம் இருக்கட்டும். டாலஸ் வாசகி பட்ட பாடு உங்கள் துணியால் யாருக்கும் வர வேண்டாம்.

டிசைன் எப்படித் திரும்ப வருகிறது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. நேராகத் திரும்ப வருவது ஒரு வகை. பக்கத்து வரிசை பாதி இறங்கி வருவது இன்னொரு வகை. நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதில்லை. நேர்ப்புள்ளிக் கோலம், இடுக்குப்புள்ளிக் கோலம் என்று சொன்னால் அம்மாவே உங்களுக்கு விளக்கிவிடுவார். நேர்ப்புள்ளியாகப் பூவை வைத்தால் விரித்த துணியில் பாத்தி பாத்தியாகக் கோடு தெரியும். இடுக்குப்புள்ளியாக வைத்தால் கண் எங்கும் தடுக்காமல் ஓடும்.

அளவு முக்கியம். ரோட்டரி பிரிண்டிங் உருளையின் சுற்றளவு பொதுவாக 64 சென்டிமீட்டர். நீங்கள் வரைவது அதற்குள் மிச்சமில்லாமல் அடங்க வேண்டும். 64, 32, 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறத்துக்கு ஓர் உருளை. அதனால் நிறம் கூடக் கூடச் செலவும் கூடும். குவில்ட் துணியின் கரையைப் பார்த்திருக்கிறீர்களா? கம்பெனி பெயர், வரைந்தவர் பெயர், தொகுப்பின் பெயர், அதை அடுத்து மிளகளவு வண்ணப் பொட்டுகள் வரிசையாக இருக்கும். உருளைக்கு ஒரு பொட்டு. பொட்டை எண்ணினால் எத்தனை நிறத்தில் அடித்தார்கள் என்று தெரிந்துவிடும். கையில் உள்ள நல்ல துணிகளின் கரையை எல்லாம் எண்ணிப் பாருங்கள். குறைந்த நிறத்தில் நிறைவாக வரைந்தவர்கள் யாரென்று அதிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே ஹூஸ்டனில் நடக்கும் குவில்ட் மார்க்கெட்டில் கம்பெனிகள் தங்கள் புதுத் தொகுப்புகளைக் கடைக்காரர்களுக்குக் காட்டும். அங்கே துணியை மட்டும் தொங்கவிட மாட்டார்கள், தைத்த குவில்ட்டையும் மாட்டியிருப்பார்கள். நீங்களும் வரைந்ததைச் சாதாரண பருத்தியில் ஒரு மீட்டர் டிஜிட்டல் பிரிண்ட் போட்டு, வெட்டி, ஒரு தலையணை உறையாவது தைத்துப் பாருங்கள். திரையில் பார்த்த டிசைன் கத்தரிக்குப் பிறகு வேறு மாதிரி இருக்கும்.

இங்கே கடையில் கிடைக்கும் பூத்துணி பலதும் நம் கலம்காரி போலவே இருக்கிறதே, யாரைப் பார்த்து யார் செய்தது?
– சிங்கப்பூர் வாசகர்

நம்மைப் பார்த்துத்தான். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து கையால் எழுதிச் சாயமேற்றிய பருத்தித் துணி ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. சிவப்புக்கு நம் கடற்கரை மணலில் விளைந்த சாயவேர், அதுதான் இம்பூரல். நிறம் பிடித்து நிற்கப் படிகாரம். துவைத்தாலும் போகாத நிறம் அங்கே அப்போது புதுமை. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்துப்போய், பிரான்சில் 1686லும் இங்கிலாந்தில் 1700லும் 1721லும் தடைச் சட்டங்கள் வந்தன. கிடைத்த துணியை ஒரு பூக்கூட வீணாகாமல் கத்தரித்து வெள்ளைத் துணிமேல் வைத்துத் தைத்தார்கள். அப்படித் தைத்த பழைய குவில்ட்கள் அமெரிக்க மியூசியங்களில் இருக்கின்றன. அவற்றின் முன்னால் நிற்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்துவிடும்.

அம்மாவின் மதுரைச் சுங்குடிச் சேலையைப் புது அமெரிக்கத் துணிகளோடு சேர்த்துத் தைக்கலாமா? சாயம் போகுமோ என்று பயமாக இருக்கிறது.
– டொராண்டோ வாசகி

தாராளமாகத் தைக்கலாம். பயமும் நியாயமானதுதான். வெள்ளைத் துணியை நனைத்துச் சேலையின் அடர் நிறப் பகுதியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அப்புறம் வெள்ளைக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் முந்தானை நுனியை ஊறவையுங்கள். தண்ணீர் தெளியும்வரை சேலையைத் தனியாக அலசிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். சார்ம் பேக்கையும் ஜெல்லி ரோலையும் மட்டும் தைக்கும் முன் நனைக்காதீர்கள், ஓரம் பிரிந்து அளவு போய்விடும்.

குவில்ட் துணி பெரும்பாலும் ஓர் இஞ்சுக்குப் பாவு 60, ஊடை 60 உள்ள திடமான நெசவு. உடுத்தி உடுத்தி மெலிந்த சேலை அதோடு சேரும்போது இழுத்துக்கொள்ளும். அரிசிக் கஞ்சி போட்டு, முக்கால் உலர்ந்ததும் இஸ்திரி போட்டுவிட்டு வெட்டுங்கள். இன்னும் தளர்ந்த துணியானால், பிளவுஸ் கழுத்துக்கு ஒட்டும் கேன்வாஸில் மிக மெல்லிய ரகத்தைப் பின்னால் ஒட்டுங்கள். இஸ்திரியைத் துணிமேல் இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். கையால் முடிச்சுப் போட்டுக் கட்டிய சுங்குடி என்றால் புள்ளி லேசாகப் புடைத்து நிற்கும். அம்மா சேலையின் அந்தப் புடைப்பை நசுக்காமல் சுற்றிலும் மட்டும் அழுத்துங்கள். கரையை முழுசாக எடுத்து குவில்ட்டின் நான்கு பக்கமும் பார்டராக வையுங்கள்.

நான்கு வருஷம் முன்னால் ஒரு தொகுப்பு முழுவதையும் அரை அரை கெஜமாக வாங்கினேன். வெட்ட மனசே வரவில்லை. அப்படியே அலமாரியில் இருக்கிறது.
– நியூ ஜெர்சி வாசகி

அலமாரிக்குள் இருந்தாலும் துணி பழசாகும். வெயில் படும் மடிப்பு வெளுக்கும், மரப்பலகையில் நேராகப் பட்டுக்கொண்டிருக்கும் இடம் பழுக்கும். பல தொகுப்புகளை மறுபடி அச்சடிப்பதில்லை என்பதால்தான் உங்களுக்குக் கை நடுங்குகிறது, எனக்குத் தெரியும். பெரிய பூவை இப்போதைக்கு அப்படியே மடித்து வையுங்கள். பொடிப் புள்ளித் துணியை எடுத்து, விளிம்பை நேராக்கி, 5 இஞ்ச் சதுரம் நான்கு மட்டும் இன்று வெட்டுங்கள். ஒரு சதுரக் கட்டமாகச் சேர்த்துத் தையுங்கள். கரைத் துண்டை எறிந்துவிடாதீர்கள். நாளைக்குப் பின்புலத்துக்குப் பிளெயின் வாங்கப் போகும்போது, நிறம் பார்க்க அந்தப் பொட்டு வரிசையைக் கையில் கொண்டுபோகலாம். முடித்ததும் எனக்குப் படம் அனுப்புங்கள், கலரில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று.