வீட்டை விற்பதற்கு முன்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 79 வயது. பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். ஆசிரியராக இருந்த அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. குத்தகைக்கு விட்ட நஞ்சை ஆறு மா, அதாவது சுமார் இரண்டு ஏக்கர். போன மாதம் ராத்திரியில் கொல்லையில் வழுக்கி விழுந்துவிட்டார். எல்லாவற்றையும் விற்றுச் சென்னையில் ஃபிளாட் வாங்கலாம், இல்லையென்றால் எங்கள் இருவர் பெயருக்கும் செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் கைமாற்றும் பத்திரம்) எழுதட்டும், செலவைப் பார்த்துக்கொள்வோம் என்கிறார் அண்ணன். மன்னார்குடியில் இருக்கும் அக்காதான் வாராவாரம் போய் வருகிறார். என்ன செய்யலாம்?

கே., சென்னை

அன்புள்ள கே.,

முதலில் அந்தக் கொல்லையைப் பாருங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் கழிப்பறை கொல்லைக் கோடியில்தான் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் கூடத்திலிருந்து எழுந்து, அடுக்களை தாண்டி, படி இறங்கி, கிணற்றடிப் பாசியில் கால் வைத்துப் போக வேண்டும். தாழ்வாரத்தை ஒட்டி ஒரு வெஸ்டர்ன் கழிப்பறை, சுவரில் கைப்பிடி, சொரசொரப்பான டைல்ஸ். ஊர்க் கொத்தனாரே கட்டிவிடுவார். சென்னை ஃபிளாட்டின் பத்திரச் செலவுகூட ஆகாது.

விற்பதென்றாலும், மனை யாருடையது? டெல்டாவில் பல தெருக்களில் அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம், கட்டடம் மட்டும்தான் நம்முடையது. மனைவாடகை ரசீது இருக்கிறதா என்று அப்பாவின் பெட்டியைக் கிளறிப் பாருங்கள். நிலத்தில் குத்தகைதாரருக்கு 1955ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். அண்ணன் நினைக்கிற வேகத்தில் எதுவும் கைமாறாது.

செட்டில்மெண்ட் வேண்டவே வேண்டாம். உயிலென்றால் அம்மா எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்டைப் பதிந்துவிட்டால் அவர் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23ஆவது பிரிவு இருக்கிறதே என்பார்கள். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, பிள்ளைகள் கைவிட்டால், பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லிக் கோட்டாட்சியரிடம் மனு போடலாம்தான். பெற்ற பிள்ளை மேல் மனு கொடுக்க எந்த அம்மா கும்பகோணத்துக்குப் பஸ் ஏறுவார்?

அவர் பணம் அவர் பெயரிலேயே இருக்கட்டும். 80 முடிந்தால் குடும்ப ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். ஓய்வூதிய ஆணையில் அம்மாவின் பிறந்த தேதி விட்டுப்போயிருந்தால் இது இழுத்தடிக்கும். இப்போதே கருவூலத்தில் சரிபார்த்துவிடுங்கள். கையில் சேமிப்பு இருந்தால் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது, 30 லட்சம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். குத்தகையோ அறுவடை முடிந்தால்தான் வரும், அதுவும் மழை கெடுக்காமல் இருந்தால்.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். சொத்தைப் பற்றிப் பேசும்போது 'எங்கள் இருவர்', அம்மாவைப் பார்த்துக்கொள்ள மட்டும் அக்காவா? மகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவருடைய பஸ் காசும், விட்டுவிட்டு வரும் வேலையும் உங்கள் கணக்கில் எங்குமே இல்லை. ராத்திரி துணைக்கு உள்ளூரிலேயே ஒரு பெண்மணியைச் சம்பளத்துக்கு வையுங்கள். அந்தச் சம்பளம் உங்களுடையதும் அண்ணனுடையதும்.

அப்புறம், நடமாட முடியாமல் போனால் மன்னார்குடியா, சென்னையா என்று அம்மாவிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். அவர் மன்னார்குடி என்றால், அக்காவுக்கும் சம்மதமென்றால், அங்கே கீழ்த்தளத்தில் ஓர் அறை கட்ட என்ன ஆகும் என்று அண்ணனோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.