ரோட்டரி கிளப் வார மீட்டிங்ல பேச யாரைக் கூப்பிடுறது?

கேள்வி: ஜூலையிலருந்து எங்க ஊர் ரோட்டரி கிளப்ல ப்ரோக்ராம் பொறுப்பை என் தலையில கட்டிட்டாங்க. வாராவாரம் கெஸ்ட் ஸ்பீக்கர் பிடிக்கணுமாம். எனக்கு விஐபி யாரையும் தெரியாது. எப்படி சமாளிக்கிறது?

பதில்:

விஐபி யாரையும் தெரியாதுங்கறதை ஒரு குறையா நினைக்காதீங்க, உண்மையிலயே நல்லதுதான். நீங்க அனேகமா கிளப்ல சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவரா இருப்பீங்க, சீனியருங்க யாருக்கும் இந்த வேலை பிடிக்காது, அதனால உங்ககிட்ட தள்ளிருப்பாங்க. எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. நானும் ஒரு சேவைக் கிளப்புலதான் இருக்கேன், எந்த கிளப்பு எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன், தெரிஞ்சவங்க இதைப் படிச்சா கமெண்ட்ல பேரைப் போட்டுடாதீங்க ப்ளீஸ். சொந்தமா சின்னதா ஆஃப்செட் பிரஸ் வெச்சிருக்கேன், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கடை பில் புக் எல்லாம் அடிக்கிறோம், அதனால ஊர்ல முக்கால்வாசிப் பேரு ஏதோ ஒரு நாள் என் கடைப் படி ஏறினவங்கதான்.

முதல்ல ஒரு விஷயம். வாராவாரம்னு பயப்படாதீங்க. ரோட்டரியில 2016ல விதியைத் தளர்த்திட்டாங்க, மாசத்துக்கு குறைஞ்சது ரெண்டு தடவை கூடினா போதும், மீதியை கிளப்பே முடிவு பண்ணிக்கலாம். உங்க தலைவர்கிட்ட இதைப் பேசி மாசத்துல ரெண்டு வாரம் வெளி ஆளு, ஒரு வாரம் நம்ம மெம்பரே தன் தொழிலைப் பத்திப் பேசறதுன்னு வெச்சுக்கோங்க. கிளாசிஃபிகேஷன் டாக்னு அதுக்குப் பேரே இருக்கு, பல கிளப்புல அதை மறந்தே போயிட்டாங்க. 1905ல சிகாகோவுல பால் ஹாரிஸ் முதல் கூட்டம் போட்டப்ப இருந்தது நாலே பேரு, அவர் வக்கீல், ஒருத்தர் நிலக்கரி வியாபாரி, ஒருத்தர் சுரங்க இன்ஜினியர், ஒருத்தர் துணி தைக்கிற தொழில். ஒவ்வொரு தொழில்லருந்தும் ஒரு ஆளு, ஒருத்தர் ஆபீஸ்ல ஒரு தடவைன்னு மாத்தி மாத்தி கூடினாங்க. அதாவது இந்த சங்கமே நீ என்ன வேலை பாக்குற, எனக்குச் சொல்லுன்னு ஆரம்பிச்சதுதான். இதை ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, எனக்கு நடந்ததைக் கேட்டா புரியும்.

எங்க ஊர்ல முனிசிபாலிட்டி தண்ணி திறந்து விடுற அண்ணன் ஒருத்தர் இருக்காரு. ரோட்டோரமா குழிக்குள்ள இருக்கிற வால்வை டி மாதிரி நீளமான இரும்புச் சாவியைப் போட்டுத் திருப்புவாங்க பாருங்க, அந்த வேலை. மகளுக்கு கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தப்ப ப்ரூஃப் வர்ற வரைக்கும் உக்காந்து பேசிட்டு இருந்தோம். நான் சும்மா கேட்டேன், ஏண்ணே எங்க தெருவுக்கு மட்டும் முதல் பத்து நிமிஷம் கலங்கலா வருதுன்னு. அதுக்கு அவரு சொன்ன பதில்ல எனக்கு அன்னைக்கு பிரஸ் வேலையே ஓடல. உடனே கேட்டேன், அண்ணே இதை எங்க கிளப்புல வந்து சொல்றீங்களான்னு. ஐயோ மேடம் எனக்கு மைக்கெல்லாம் பழக்கமில்லன்னாரு. மைக்கே வேணாம், நான் பக்கத்துல சேர் போட்டு உக்காந்து கேள்வி கேக்குறேன், நீங்க எனக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க, அது போதும்னு சொல்லி சம்மதிக்க வெச்சேன்.

அவர் ஒப்பந்தத்துல வேலை பாக்குறவரு, அதனால நான் முன்கூட்டியே அவங்க மேலதிகாரிக்கு கிளப் லெட்டர்பேடுல லெட்டர் கொடுத்து, குடிநீர் விழிப்புணர்வுன்னு தலைப்பு போட்டு, கையெழுத்து வாங்கிட்டேன். இதை நீங்களும் கட்டாயம் செய்யுங்க. அரசு சம்பளமோ ஒப்பந்தச் சம்பளமோ வாங்குற யாரைக் கூப்பிட்டாலும் பேப்பர்ல அனுமதி இல்லாம மேடை ஏத்தாதீங்க, நம்ம நாலு கைதட்டு வாங்க அவங்க பொழப்புல கை வெக்கக் கூடாது.

அன்னைக்கு அவரு பேசினது இப்பவும் அப்படியே ஞாபகம் இருக்கு. வால்வை ஏன் மெல்ல மெல்லத் திறக்கணும், வெடுக்குன்னு திறந்தாலோ மூடினாலோ தண்ணி போய் முட்டுற வேகத்துல பழைய பைப்போட ஜாயின்ட் எப்படி விட்டுப் போகும்னு சொன்னாரு. குழாய்ல தண்ணி வராம நின்னு போன நேரத்துலதான் ஆபத்து அதிகம்னாரு, நமக்கெல்லாம் அது தெரியவே தெரியாது. தண்ணி வேகமா ஓடும்போது ஓட்டை இருந்தா வெளிய கசியும், ஆனா பைப்பு காலியா இருக்கும்போது அதே ஓட்டை வழியா பக்கத்துல ஓடுற சாக்கடைத் தண்ணி உள்ள போகும், அடுத்த தடவை திறக்கும்போது முதல்ல வர்ற கலங்கல் அதுதான், அதைப் பிடிச்சு குடிக்காதீங்கன்னாரு. கடைசித் தெரு குழாய்லயும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும், அந்தத் தண்ணியில குளோரின் பாக்குற மருந்துச் சொட்டு விட்டா மஞ்சளாகணும், மஞ்சளே ஆகலைன்னா நடுவுல எங்கயோ அழுக்கு சேரலாம்னு சொல்லி கையில கொண்டு வந்த சின்ன டப்பாவுல ஹோட்டல் தண்ணியையே எடுத்து செஞ்சு காமிச்சாரு. எல்லாரும் சேரை இழுத்துப் போட்டுக்கிட்டு முன்னால வந்துட்டாங்க. சாதாரணமா கெஸ்ட் பேசும்போது பாதிப் பேரு போனைப் பாத்துட்டு இருப்பாங்க, சாப்பாடு ரெடியான்னு பின்னால எட்டிப் பாப்பாங்க, அன்னைக்கு அது நடக்கல.

அப்புறம்தான் பிரச்சனையே. கடைசித் தெருவுக்கு ஏன் தண்ணி ஏறலன்னு நான் கேட்டேன். அவரு, மேடம் நடுவுல வீட்டு இணைப்புல நேரா மோட்டார் மாட்டி உறிஞ்சுறாங்க, அது சட்டப்படி தப்பு, தப்புங்கறதோட விட்டாலும் பரவால்ல, மோட்டார் உறிஞ்சும்போது பைப்புக்குள்ள காத்தில்லாத இழுவை வந்து சாக்கடையையும் சேத்து இழுக்குது, அந்த அழுக்கு மோட்டார் போட்டவங்க வீட்டுக்கும்தான் போகுதுன்னாரு. யாரு போடுறாங்கன்னு எப்படித் தெரியும்னு ஒரு மெம்பர் கேட்டாரு. ராத்திரி சாவியை வால்வு மேல நிறுத்தி மறு முனையில காதைக் கொடுத்தா லீக்கு சத்தமும் கேக்கும், மோட்டார் சத்தமும் கேக்கும் சார்னு சொன்னாரு. அவ்ளோதான். ஒரு வீட்டுப் பேரு, ஒரு தெருப் பேரு அவர் வாயில வரல.

அதுக்கு எங்க சீனியர் ஒருத்தர் எந்திரிச்சு, நாங்க என்ன திருடங்களாய்யா, எங்களைக் கூப்பிட்டு வெச்சு குத்தம் சொல்றியான்னு ஒருமையில பேச ஆரம்பிச்சுட்டாரு. வந்த விருந்தாளியை! நான் எந்திரிச்சு, சார் அவர் நம்ம கெஸ்ட், நீங்க வாங்க போங்கன்னு பேசுங்கன்னு சொன்னேன். ஹாலே அமைதியாயிடுச்சு. தலைவர் அவசர அவசரமா பொன்னாடை போட்டு, மெமெண்டோ கொடுத்து, தேசிய கீதம் பாடி முடிச்சுட்டாரு. அண்ணன் சாப்பிடாம கிளம்பப் பாத்தாரு, நான் விடல, என் டேபிள்ல உக்கார வெச்சு சாப்பிட வெச்சுத்தான் அனுப்பினேன்.

அடுத்த போர்டு மீட்டிங்ல என்ன முடிவு தெரியுமா, இனிமே ஸ்பீக்கர் பட்டியலை போர்டு பாத்து ஒப்புதல் கொடுக்கணுமாம், ‘ஒரு லெவல்ல இருக்கிற ஆளா’ இருக்கணுமாம். எனக்கு அந்த வார்த்தை இன்னும் ஆறல. ஊருக்கே தண்ணி கொடுக்கிறவருக்கு என்ன லெவல் குறைஞ்சு போச்சு? அதுக்கப்புறம் அவங்க பாத்துக் கூட்டிட்டு வந்த தன்னம்பிக்கைப் பேச்சாளர் 20 நிமிஷ இடத்துல ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட பேசினாரு, கார் வாடகை, ரூம் வாடகை எல்லாம் கிளப் காசு, மறுநாள் அதுல ஒரு வரி யாருக்கும் ஞாபகமில்ல.

உடனே சிலர் கிளம்பி வருவீங்க, சேவை செய்யுற அமைப்பைக் கேவலப்படுத்துறா, பொம்பளைக்கு இடம் கொடுத்ததே தப்புன்னு. நான் அமைப்பைச் சொல்லவே இல்ல. 1985ல போலியோவை ஒழிக்கணும்னு ரோட்டரி கையில எடுத்தது, இந்தியாவுல கடைசி கேஸ் 2011 ஜனவரியில ஹவுராவுல, 2014ல போலியோ இல்லாத பகுதின்னு சான்றிதழ், அதுல ஊர் ஊரா கிளப்காரங்க பூத்துல உக்காந்த உழைப்பு இருக்கு, நானும் சொட்டு மருந்து பூத்துல உக்காந்திருக்கேன். நான் சொல்றது சில மனுசங்களோட புத்தியைப் பத்தி மட்டும்தான். பெண்கள் விஷயத்துக்கும் சேத்தே சொல்லிடறேன், ரோட்டரி கிளப்புல பெண்களைச் சேக்கலாம்னு 1987ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து, 1989ல ரோட்டரி உலகம் முழுக்க விதியை மாத்தின பிறகுதான் எங்களுக்குக் கதவே திறந்தது, யாரும் தயவு பண்ணி இடம் கொடுக்கல. பெண் ஸ்பீக்கர்னா மார்ச் 8க்கு மட்டும் ஒரு டாக்டரம்மாவைக் கூப்பிடறதையும் தயவுசெஞ்சு நிறுத்துங்க, ஆகஸ்ட்லயும் நவம்பர்லயும் கூட பெண்கள் வேலை பாத்துட்டுத்தான் இருக்காங்க.

கெஸ்ட் ஸ்பீக்கர்னா சும்மா நேரம் போக்கறதுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒன்னு. லயன்ஸ் சங்கம் கண் சிகிச்சை முகாம், கண் தானம்னு இன்னைக்கு செய்யுறதுக்கெல்லாம் பெரிய தூண்டுதல் ஒரு விருந்தினர் பேச்சுதான். 1925ல அமெரிக்காவுல ஓஹையோ மாநிலத்துல சீடர் பாயிண்ட்ங்கற இடத்துல நடந்த அவங்க மாநாட்டுல பார்வையும் கேக்குற சக்தியும் இல்லாத எழுத்தாளர் ஹெலன் கெல்லர் வந்து பார்வை இல்லாதவங்களுக்குத் துணையா நில்லுங்கன்னு கேட்டாங்க, அதை அவங்க ஏத்துக்கிட்டாங்க. அந்த அம்மா எவ்வளவு நேரம் பேசினாங்கங்கறது முக்கியமில்ல, கேக்க வேண்டியதை நேரா கேட்டாங்க. நீங்களும் வர்றவங்ககிட்ட, கடைசியில எங்ககிட்டருந்து ஒரே ஒரு விஷயம் கேளுங்கன்னு முன்னாடியே சொல்லி வைங்க.

ஆளை எங்க தேடறதுன்னா, நான் பாதிப் பேரைப் பிடிச்சது எங்க ஊர் கிளை நூலகத்துலதான். காலையில பேப்பர் படிக்க வர்ற ரிட்டயர்டு ரயில்வே கேட் கீப்பர், கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர், நெல் விதை சேக்குற ஒரு வாத்தியார்னு எவ்ளோ பேரு இருந்தாங்க. இப்ப அந்த நூலகத்தை மாடிக்கு மாத்திட்டாங்க, கைப்பிடி இல்லாத செங்குத்துப் படி, மூட்டு வலிக்காரங்க யாரும் ஏற முடியல, அந்தக் கூட்டமே கலைஞ்சு போச்சு. 1948லயே நூலகத்துக்குன்னு சட்டம் போட்ட மாநிலம் இது, வீட்டு வரியோட சேத்து 10 சதவீதம் நூலக வரி நாம ஒவ்வொருத்தரும் கட்டுறோம், அந்தக் காசுக்கு கீழ்த்தளத்துல ஒரு ஹால் கிடைக்காதா? நானே மனு எழுதி, என் பிரஸ்லயே அடிச்சு, கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன், இதுவரைக்கும் பதில் இல்ல. கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா யார்கிட்டயாவது சொல்லணும்ல.

சரி, உங்க விஷயத்துக்கு வரேன். ஸ்பீக்கரை 7 மணிக்கு வரச் சொல்லிட்டு, பிறந்தநாள் வாழ்த்து, கல்யாண நாள் வாழ்த்து, செக்ரட்டரி அறிவிப்பு, டிஸ்ட்ரிக்ட் லெட்டர் எல்லாம் முடிச்சு எட்டரைக்கு மைக்கைக் கொடுத்து, சார் கொஞ்சம் சுருக்கமான்னு சொல்றது பெரிய அவமானம். அறிவிப்பெல்லாம் பேச்சுக்குப் பின்னால வைங்க, தலைவர் ஒத்துக்கலைன்னா அறிவிப்பைப் பேப்பர்ல அடிச்சு டேபிள்ல வெச்சுடுங்க, நான் அப்படித்தான் செஞ்சேன். அறிமுகத்தை வந்தவர்கிட்டயே கேட்டு எழுதி, ஒரு தடவை வாசிச்சுக் காட்டிட்டு அப்புறம் மேடையில படிங்க. வண்டி இல்லாதவங்கன்னா மெம்பர் ஒருத்தர் போய்க் கூட்டிட்டு வந்து திரும்பக் கொண்டு போய் விடணும். அந்த நாள் கூலியை விட்டுட்டு வர்றவங்கன்னா மெமெண்டோவுக்குப் போடுற காசைக் கவர்ல வெச்சுக் கொடுங்க, கண்ணாடிப் பெட்டியை வீட்டுல எங்க வெப்பாங்க அவங்க. இன்சூரன்ஸ், ப்ளாட் விக்கிறவங்க, சங்கிலித் தொடர் வியாபாரம், தேர்தல்ல நிக்கப் போறவங்க இந்த நாலு பேரையும் எவ்ளோ சிபாரிசு வந்தாலும் கூப்பிடாதீங்க, ஒருத்தருக்கு விட்டா அப்புறம் நிறுத்தவே முடியாது.

முதல் மாசத்துக்கு 108 ஆம்புலன்ஸ்ல போறவங்க ஒருத்தர், அவங்க அனுமதி வாங்கி. விபத்து நடந்த இடத்துல நாம செய்யுற எந்தக் காரியத்தால அடிபட்டவருக்கு இன்னும் ஆபத்தாகுதுன்னு மட்டும் பேசச் சொல்லுங்க. அடுத்தது கண் வங்கியில இருந்து ஒருத்தர், இறந்து 6 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், ஃபேனை ஆஃப் பண்ணணும், தலையைக் கொஞ்சம் தூக்கி வெச்சு, இமையை மூடி, ஈரப் பஞ்சு வெக்கணும்ங்கறதெல்லாம் வீட்டுல துக்கம் நடக்கும்போது யாருக்கும் தோணாது, முன்னாடியே காதுல விழுந்திருக்கணும். அப்புறம் உங்க ஊர்ல தண்ணி திறக்கிறவரு. சீனியருங்க முறைச்சாலும் பரவால்ல, கூப்பிடுங்க. அனுமதி கேட்டு மேலதிகாரிக்கு எழுதுற லெட்டர் தமிழ்லயே டைப் பண்ணி வெச்சிருக்கேன், வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க, போடுறேன்.