கையை விட்டுவிட்டுப் போகிறேனா?

வணக்கம். குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். எனக்கு வயது 40. ஜிஎன்எம் நர்சிங் படிப்பு முடித்து 17 வருடமாக நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன வருடம் ஒரு நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. டிஸ்க் விலகியிருக்கிறது, இனி ஆளைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸாக, அதாவது நோய்த்தொற்று பரவாமல் கண்காணிக்கும் வேலைக்கு, வரச் சொல்லி சூப்பிரண்டு கேட்கிறார். பகல் டியூட்டி மட்டும்தான். ரப்பர் வெட்டுக்குப் போகும் என் கணவர், "யோசிக்காம சரின்னு சொல்லு" என்கிறார். வார்டில் இருப்பவர்களோ, "இனி ஃபேனுக்கு அடியில உக்காந்து ஃபைல் பாக்கலாம்" என்கிறார்கள். சிரித்துவிட்டு வந்துவிடுகிறேன், ராத்திரி அழுகை வருகிறது. போன மாதம் இறந்த ஒரு பாட்டி, கடைசி நாளில் "மக்ளே, எங்கயும் போவாத" என்று என் விரலைப் பிடித்தபடியே கிடந்தார். அவர்களை எல்லாம் விட்டுவிட்டு ஓடுகிறேனா?

— ஒரு செவிலியர்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் ஓடவில்லை. இடுப்பு போனது அந்த நோயாளிகளைத் தூக்கித்தானே. நீங்கள் குற்ற உணர்ச்சி என்று நினைப்பது, எனக்குப் பிரிவுத் துயரமாகத்தான் தெரிகிறது. வேறு ஊருக்குப் போனால் கேக் வெட்டி அனுப்புவார்கள். அதே கட்டடத்தில் மாடி மாறுகிறவருக்கு யாரும் விடை கொடுப்பதில்லை. அதனால் நீங்களே கொடுங்கள். கடைசி டியூட்டி எது என்று முன்கூட்டியே கேட்டு வைத்து, அன்று ஒவ்வொரு கட்டிலாக நின்று பேசிவிட்டு வாருங்கள். அழுகை வந்தால் அழுங்கள்.

ஃபைல் வேலை என்று சொல்கிறவர்களுக்காக ஒன்று. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போர் வீரர்களைக் கவனித்தது 1854 நவம்பரிலிருந்து இரண்டு வருடத்துக்கும் குறைவுதான். ஊர் திரும்பியதும் உடம்பு விழுந்துவிட்டது. வருடக்கணக்காகப் படுக்கையில் இருந்துகொண்டே எழுதினார். காயத்தைவிடத் தொற்றுநோயால் இறந்த வீரர்களே அதிகம் என்று 1858இல் வரைபடம் போட்டுக் காட்டினார். அதுவும் நர்ஸ் வேலைதான். உங்களுக்கு வந்திருப்பதும் ஏறக்குறைய அதே வேலை. கேனுலா என்ற ஊசிக்குழாய் போட்ட இடம் சிவந்திருக்கிறதா, யூரின் பை தரையில் தொடுகிறதா, ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும் முன் கை கழுவுகிறார்களா என்று பார்க்க 17 வருடம் வார்டில் நின்ற கண் வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஆள் குறைந்த அன்று உங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள், நீங்களும் மறுக்க மாட்டீர்கள். ஆளைத் தூக்கும் வேலையும் நைட் டியூட்டியும் கிடையாது என்று சேரும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரம் தாண்டினால் 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பேசுங்கள், இலவசம்.

அப்புறம், ரவுண்ட்ஸுக்கு நீங்கள் தினமும் வார்டுக்குப் போகத்தான் போகிறீர்கள். யாராவது ஒரு பாட்டி விரலைப் பிடித்தால், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நிற்க வேண்டாம்.